ஒரு படுக்கைப்புண்கூட இல்லாத உடல்

2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியானபோது மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் கேக் வெட்டினார்கள், இனிப்பு வழங்கினார்கள். 37 ஆண்டுகளாகத் தங்கள் பராமரிப்பில் இருந்த அருணா ஷான்பாக்கைச் சாகவிட அனுமதி கேட்ட மனு அன்று தள்ளுபடியாகியிருந்தது. செய்தி வாசித்த பலருக்கு அந்தக் கொண்டாட்டம் விளங்கவில்லை. பேசாத, நடக்காத, யாரையும் அடையாளம் காணாத ஒரு பெண் இன்னும் படுத்தே கிடக்கப் போகிறாள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "பாவம், போகவிட்டிருக்கலாம்" என்பதுதான் அன்றைய பொதுக்குரல். அந்தப் "பாவம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க நினைக்கிறேன்.

அருணா ராமச்சந்திர ஷான்பாக் 1948-ல் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் உள்ள ஹல்திப்பூரில் பிறந்தவர். கே.இ.எம். மருத்துவமனையில் இளநிலைச் செவிலியர். அதே மருத்துவமனையின் மருத்துவர் ஒருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது. 1973 நவம்பர் 27 இரவு, பணி முடித்து உடை மாற்றப் போன இடத்தில், அங்கே வேலை பார்த்த சோகன்லால் பர்தா வால்மீகி நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கி வன்கொடுமை செய்தான். மாதவிலக்கு நாள் என்று கண்டு ஆசனவழி வன்புணர்ந்தான் என்கிறது நீதிமன்றப் பதிவு. மறுநாள் காலையில்தான் அருணாவைக் கண்டெடுத்தார்கள். சங்கிலி இறுகியதில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. அப்போது அவருக்கு வயது 25.

வழக்கு எதற்குப் பதிவானது? கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும். பாலியல் குற்றம் வழக்கில் இடம்பெறவேயில்லை. நிச்சயமான பெண்ணின் பெயர் கெடக் கூடாது என்று மருத்துவமனை நிர்வாகம் அதைச் சொல்லவில்லை. பெண்ணின் உடலைக் காப்பாற்ற முடியாத நிறுவனம் அவள் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது! சொல்லியிருந்தாலும் அன்றைய சட்டத்தில் அது வன்புணர்ச்சி ஆகியிருக்காது. இயற்கைக்கு மாறான குற்றம் என்ற தனிப் பிரிவுக்குள்தான் போயிருக்கும். வால்மீகிக்குக் கிடைத்தவை ஒரே நேரத்தில் அனுபவிக்கும்படியான இரண்டு ஏழாண்டுத் தண்டனைகள். வெளியே வந்தான். 2015-ல் அருணா இறந்த பிறகு உத்தரப் பிரதேசக் கிராமமொன்றில் கூலி வேலை செய்துகொண்டிருந்த அவனைப் பத்திரிகையாளர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இதே மராட்டிய மாநிலத்தில், இதற்கு ஓராண்டு முன்னால், 1972-ல், மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்குக் காவல் நிலையத்திலேயே நடந்த கொடுமையை நம் மாணவிகள் பாடத்தில் படிக்கிறார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்ததும், உபேந்திர பக்‌ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் எழுதிய திறந்த மடலும், 1983-ன் சட்டத் திருத்தமும் இந்தியப் பெண்ணிய வரலாற்றின் முதல் பக்கங்கள். அருணாவுக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை. அவர் "கருணைக்கொலை வழக்கு" ஆகிப்போனார். வன்முறைக்கு உள்ளான பெண் என்ற அடையாளம் அழிந்து, எப்போது சாகலாம் என்று விவாதிக்கப்படும் உடல் என்ற அடையாளம் மட்டும் எஞ்சியது. சட்டம் அவரை வன்முறையின் பெயரால் நினைவுகூர 2013 ஆனது. டெல்லிச் சம்பவத்துக்குப் பின் வந்த திருத்தத்தில் 376ஏ என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. வன்புணர்ச்சியால் பெண் இறந்தாலோ நிரந்தர உணர்விழந்த நிலைக்குப் போனாலோ குறைந்தது 20 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் மரண தண்டனை என்றது அது. அந்த இரண்டாவது நிலையில் அப்போது கே.இ.எம். மருத்துவமனையின் 4-வது வார்டை ஒட்டிய அறையில் ஒரு பெண் படுத்திருந்தார்.

அந்த அறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1973-ல் சம்பவத்தைக் கண்டித்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் செவிலியர்கள்தான். 1980-களில் மாநகராட்சி அருணாவை மருத்துவமனையிலிருந்து வெளியேற்ற இரண்டு முறை முயன்றபோது எதிர்த்து நின்றவர்களும் அவர்கள்தான். ஒரு தலைமுறைச் செவிலியர்கள் ஓய்வுபெற்றுப் போக, அடுத்த தலைமுறை வந்து பொறுப்பெடுத்தது. மசித்த உணவு ஊட்டினார்கள். மீனும் கோழி சூப்பும் அவருக்குப் பிடிக்கும் என்று கண்டுவைத்திருந்தார்கள். அறையில் கூட்டம் சேர்ந்தால் அவர் பதறுவார், தொட்டுத் தடவிக் கொடுத்தால் அமைதியாவார் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்ற தகவலும் அதில் இருக்கிறது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தகவலின் எடை தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. மலமூத்திரம் உடனே துடைக்க வேண்டும். இரவிலும் அப்படித்தான். கொஞ்சம் அசந்தால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழிவிழும். 37 ஆண்டுகள் இதைச் செய்ததற்கு எந்தத் துறையிலும் பட்டமோ பதக்கமோ கிடையாது.

மருத்துவர்கள் அந்த நிலைக்கு வைத்த பெயரின் நேர்ப்பொருள் "நிரந்தரத் தாவர நிலை". நம் பத்திரிகைகளும் அப்படியே எழுதின. தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. புல்லும் மரமும் அங்கே ஓரறிவு உயிர்கள். அந்த ஓரறிவு எது? தொட்டால் அறிவது. கண்ணும் காதும் மனமும் அதற்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்பவை. தாவரம் என்று சொல்லி ஒருவரைக் கீழே இறக்கியதாக நினைத்துக்கொண்டார்கள். தொட்டால் அமைதியாகும் உயிர் என்பதை நம் இலக்கணம் உயிர் வரிசைக்கு வெளியே தள்ளவில்லை.

மனுவைப் போட்டவர் பிங்கி விரானி. பத்திரிகையாளர். 1998-ல் அருணாவின் கதையைப் புத்தகமாக எழுதியவர். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பாலியல் குற்றம் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது. அருணாவின் "அணுக்க நண்பர்" என்ற தகுதியில் 2009-ல் அவர் மனு செய்தார். அவரை வில்லியாக்கிப் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நியாயம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு விடுதலையாவது கிடைக்கட்டும் என்பது அவர் நிலை. ஆனால் நீதிமன்றம் அந்தத் தகுதியை அவருக்குத் தரவில்லை. மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் தந்தது. இரவு பகலாகத் தூக்கித் துடைத்தவர்களே நெருங்கியவர்கள் என்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும் எழுதினார்கள். பராமரிப்பு உறவை உண்டாக்கும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அபூர்வமான இடங்களில் இது ஒன்று. நம் இயக்கம் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை.

மனுவைத் தள்ளிய அதே தீர்ப்புதான் இன்னொரு கதவைத் திறந்தது. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் வகைக் கருணைக்கொலையை, மூன்று மருத்துவர் குழுவின் அறிக்கையோடு உயர் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது. கூடவே கட்ஜு ஓர் எச்சரிக்கையும் எழுதினார்: சொத்துக்காக உறவினர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளும் அபாயம் இந்த நாட்டில் உண்டு என்று. தீர்ப்பின் வாதம் பெரும்பாலும் அரசியலமைப்பின் 21-வது பிரிவையும், இங்கிலாந்தின் 1993 பிளாண்ட் வழக்கையும் சுற்றித்தான் நிற்கிறது. இந்தியாவில் 1995-லிருந்தே ஊனமுற்றோர் சட்டம் ஒன்று இருந்தது. 2007-ல் இந்தியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றிருந்தது. அதன் 10-வது உறுப்பு வாழும் உரிமையைத்தான் பேசுகிறது. நாடு முழுக்க நடந்த விவாதத்தில் அருணாவை மாற்றுத்திறனாளி என்று அழைத்த குரல்கள் மிகக் குறைவு. அப்படி அழைத்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

"அவர் விரும்பினால் சாகட்டும், அது அவர் உரிமை" என்ற வாதத்தைப் பெண்ணியவாதிகளான நாம் எளிதில் தள்ள முடியாது. என் உடல் என் உரிமை என்பது நம் சொல். ஆனால் விருப்பம் என்பது எங்கிருந்து வருகிறது என்றும் நாம்தான் கேட்டிருக்கிறோம்.

புறநானூற்றில் பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் போகிறாள். சான்றோர் தடுக்கிறார்கள். அவள் அவர்களைக் கடிந்துகொண்டு போகிறாள். வகுப்பறைகளில் இதைக் கற்பின் பெருமை என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டை மெதுவாகப் படித்தால் அவள் சொல்லும் காரணம் வேறு. நெய் தொடாத சோறு, வேளைக்கீரை, பாயில்லாமல் பரல்கல் மேல் படுக்கை என்று கைம்பெண் வாழ்க்கையின் பட்டியலை அவள் அடுக்குகிறாள். அந்த வாழ்க்கையை ஏற்கக் கூடியவள் அல்ல நான் என்கிறாள். அவள் மறுப்பது கைம்மையை. கைம்மைக்கு வெளியே அவளுக்கு வேறு வாழ்க்கை இல்லாததால் தீ மிஞ்சுகிறது. அந்தச் சான்றோரில் ஒருவராவது கைம்மை நோன்பை விட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளிடம் கேட்பேன்.

ஆண்களின் விரும்பிய சாவுக்கு வேறு மரியாதை. எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று இருக்கிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அங்குள்ள கோவிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு; வடக்கிருந்தார் என்பது இன்னொரு மரபு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டைத் தமிழ் எழுத்து வரலாறு படிக்கிற எல்லோரும் அறிவார்கள். புலவர், அரசர், துறவி ஆகிய மூவருக்கும் சாவு ஒரு நிறைவு. அவர்களை யாரும் பாரம் என்று சொல்லவில்லை. வாழ்க்கை அவர்கள் கையில் இருந்தது, எனவே சாவும் இருந்தது. (சமணரின் சல்லேகனையைத் தற்கொலை என்று 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சொல்ல, அதே மாத முடிவில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது தனிக்கதை.)

1987-ல் ராஜஸ்தானின் தேவராலாவில் 18 வயது ரூப் கன்வர் எரிந்தபோது, அவளே விரும்பி ஏறினாள் என்றார்கள். விரும்பினாளா என்பது கேள்வியே இல்லை, கணவனில்லாத பெண்ணுக்கு இந்தச் சமூகம் என்ன வாழ்க்கையை வைத்திருந்தது என்பதுதான் கேள்வி என்று இந்தியப் பெண்ணியவாதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். உதவிபெற்றுச் சாதல் பற்றி மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் உலகெங்கும் சொல்வது அநேகமாக இதே வாக்கியம்தான். நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளப் புதிதாக எதுவும் இல்லை. நாம் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

1983-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலிசபெத் பூவியா என்ற 26 வயதுப் பெண், பெருமூளை வாதம் உள்ளவர், மருத்துவமனையில் சேர்ந்து தன்னைப் பட்டினியால் சாகவிடும்படி கேட்டார். அதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் அவருடைய மேற்படிப்பு நின்றுபோயிருந்தது, கரு கலைந்திருந்தது, மணவாழ்வு முறிந்திருந்தது. வேறு எந்த இளம்பெண் இப்படி வந்து நின்றாலும் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். இவருக்கோ உடற்குறை ஒன்றே போதுமான காரணமாகத் தெரிந்தது. கட்டாய உணவை மறுக்கும் உரிமையை 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்தது. வென்ற பிறகு பூவியா பல ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை அந்த வழக்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் சொல்வதில்லை. கனடா 2016-ல் மருத்துவ உதவியோடு சாவதைச் சட்டமாக்கியது. 2021-ல் சாவு அண்மையில் இல்லாத, ஆனால் தீராத நோயோ குறைபாடோ உள்ளவர்களுக்கும் விரித்தது. இந்த இரண்டாவது பிரிவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வீட்டு வாடகைக்கும் உதவியாளருக்கும் வழியில்லாதவர்களுக்குச் சாவு மட்டும் அரசுச் செலவில் கிடைக்கிறது என்று அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். அந்தப் பிரிவையே நீக்கும்படி 2025 மார்ச்சில் ஐ.நா. குழு பரிந்துரைத்தது.

நம் ஊருக்கு வருவோம். நம் பக்கத்துக் கிழவிகளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் வரும் பதிலைக் கேட்டிருப்பீர்கள்: "கெடையில உழாம போய்ச் சேரணும்மா. யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது." தாத்தாக்கள் இவ்வளவு அடிக்கடி இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமியாரையும் மாமனாரையும் கிடையில் பார்த்துக்கொண்டவள் அவள். மூத்திரத் துணி துவைத்தவள். அந்த வேலை என்னவென்று அறிந்தவள் என்பதால்தான் அது தனக்காக இன்னொருத்தி தலையில் விழக் கூடாது என்கிறாள். பாரம் என்பது அவள் உடலின் எடை அல்ல. வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரே ஒருத்திதான் இருக்கிறாள் என்ற கணக்கு.

தென் மாவட்டங்களில் அந்தக் கணக்கு தலைக்கூத்தல் ஆனது. தலைக்கு ஊற்றுவது என்ற மங்கலச் சொல்தான் சிதைந்து இப்படி ஆனது. எண்ணெய்க் குளியல், இளநீர், பிறகு சாவு. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் வீட்டார் பேச்சைக் கேட்டுத் தப்பி ஓடியபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இதைத் திரையில் பேசிய இரண்டு நல்ல படங்களை, "பாரம்", "கே.டி. (எ) கருப்புதுரை", இரண்டு பெண்கள் இயக்கினார்கள்: பிரியா கிருஷ்ணசுவாமியும் மதுமிதாவும். எங்கள் கல்வராயன் மலையைத் தாண்டினால் சேலம் மாவட்டம். பெண் சிசுக்கொலைக்காக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கிய மண். கள்ளிப்பால் ஊற்றியவர்களும் கொடுமை செய்வதாகச் சொல்லவில்லை. "பொட்டப் புள்ள வளந்து படப்போற கஷ்டத்துக்கு இப்பவே போய்ச் சேரட்டும்" என்றுதான் சொன்னார்கள். அதுவும் கருணைதான்.

ஆங்கிலத்தில் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கு நல்ல சாவு என்று பொருள். தமிழில் நாம் ஒளிவுமறைவு இல்லாமல் கருணைக்கொலை என்று வைத்துக்கொண்டோம். அதனால்தானோ என்னவோ, இந்தச் சொல் இங்கே மனு எழுதும் மொழியாகிவிட்டது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களில் "எங்களைக் கருணைக்கொலை செய்துவிடுங்கள்" என்ற மனு அடிக்கடி வரும். நிலம் பிடுங்கப்பட்டவர்கள், உதவித்தொகை நின்றுபோனவர்கள் எழுதுவார்கள். திருச்செந்தூரைச் சேர்ந்த திருநங்கை ஷானவி பொன்னுசாமி, ஏர் இந்தியாவில் வேலை மறுக்கப்பட்டபோது, 2018 பிப்ரவரியில் குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் தன்னைக் கருணைக்கொலை செய்துவிடும்படி கேட்டார். அவர் கேட்டது வேலை. அந்தக் கடிதத்தை வாசித்த யாரும் ஒரு மருத்துவர் குழுவை அமைத்து அவர் விருப்பத்தை ஆராயச் சொல்லவில்லை. ஷானவியின் சொல்லில் எதிர்ப்பைக் கேட்ட காது, சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் அதே சொல்லைச் சொன்னால் விருப்பத்தைக் கேட்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் மாற்றுத்திறனாளி இயக்கம் பாகுபாடு என்கிறது.

அதே 2018-ல் கடலூர் மாவட்டத் தந்தை ஒருவர், பிறக்கும்போதே மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் பாதிக்கப்பட்ட தன் மகனைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மருத்துவர் குழு அமைத்தது. சிறுவனின் நிலை அந்த வகைக்குள் வராது என்று ஆனது. அவர் வீட்டில் குழந்தையைப் பத்து வருடம் தூக்கிச் சுமந்தவர் யார், அவர் என்ன நினைத்தார் என்பதைச் செய்திகளில் தேடினேன். கிடைக்கவில்லை.

கிடைக்கும் செய்தி வேறு மாதிரியானது. மனவளர்ச்சி குன்றிய மகளோடு தாயும் இறந்து கிடந்தார் என்று நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி வரும். "தனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற மனவேதனை" என்று காவல்துறை சொன்னதாக இருக்கும். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கேள்விக்காகவே வந்தது. மன இறுக்கம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெற்றோருக்குப் பின் காப்பாளர் ஏற்பாடு செய்யும் சட்டம் அது. எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களை எங்கே விட்டோம் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள்.

2024 ஜூனில் எங்கள் மாவட்டத் தலைநகர் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெண்களும் அதில் உண்டு. மெத்தனால் உயிரை எடுக்காவிட்டால் பார்வை நரம்பை எடுக்கும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சை பெறுபவர்களுக்கு 50,000 என்று அரசு அறிவித்தது. கொடுத்ததே தப்பு, குடிகாரனுக்கு எதற்குப் பணம் என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. எனக்கு உறுத்தியது வேறு. உழைத்துச் சம்பாதித்தவன் கண்ணை இழந்து திரும்பிவந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த முப்பது வருட வேலை தொடங்குகிறது. அவன் இறந்திருந்தால் வீட்டுக்கு 20 மடங்கு பணம் வந்திருக்கும். யாரும் திட்டமிட்டு இப்படி எழுதவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1994-ல் புனே அருகே ஷிரூரில் இருந்த அரசுக் காப்பகப் பெண்களை சசூன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கருப்பை நீக்கினார்கள். மாதவிலக்கைச் சுத்தம் செய்ய ஆளில்லை என்பது காரணம். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்து எதிர்த்தன, பெருமைக்குரியது. 2009-ல் சண்டிகர் அரசுக் காப்பகத்தில் வன்புணர்வுக்கு உள்ளாகிக் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருவை அவர் சம்மதமின்றிக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் குழந்தை வேண்டும் என்றார் என்பதை மதித்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்மதமின்றிக் கருத்தடை செய்வதைத் தடுத்தது. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருவைக் கலைப்பதை, மிகத் தீவிர நிலைகளுக்கு மட்டும் விலக்கு வைத்து, தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 7 வகைக் குறைபாடுகளை 21 ஆக்கிய சட்டம் அது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவ்வளவுக்கும் நாம் கூட இருந்தோம். ஆனால் பெண் கரு என்பதற்காகக் கலைத்தால் குற்றம் என்று முழங்கும் நாம், ஊனமுள்ள கரு என்பதற்காகக் கலைத்தால் அமைதியாக இருக்கிறோம். மருத்துவர் குழு சொன்னால் கால வரம்பே இல்லை என்று 2021-ல் திருத்தியபோது அதை முன்னேற்றம் என்று மட்டும் வரவேற்றோம். கருக்கலைப்பு உரிமையில் நான் ஓர் அங்குலமும் பின்வாங்க மாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தின் வரிகளில் யார் பிறக்கத் தகாதவர் என்ற தீர்ப்பு எழுதியிருப்பதைப் பார்க்காமலும் இருக்க மாட்டேன். இரண்டும் என்னிடம் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையின் பகுதியே என்றது. நினைவு தப்பிப்போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதை நான் எதிர்க்கவில்லை. மீளாத நிலையில் வென்டிலேட்டரில் மாட்டிப் பில் ஏற்றுவதை மறுப்பது சிகிச்சையை மறுப்பது. அது யாருக்கும் உள்ள உரிமை. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு மூச்சுக்கருவியே அன்றாட வாழ்க்கையாக இருக்கலாம், அதைப் பிடுங்க அந்த வாசகம் உதவக் கூடாது என்பதுதான் என் கவலை. ஊசி போட்டுக் கொல்லும் சட்டமும் வேண்டும் என்பவர்களிடம் கேட்கிறேன்: வலிக்கு மார்ஃபின் கிடைக்கிறதா? போதைப்பொருள் சட்டத்தை 2014-ல் தளர்த்திய பிறகும் தாலுகா மருத்துவமனைகளில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. கடும் ஊனமுற்றவருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் தரும் பராமரிப்புத்தொகை 2000 ரூபாய். ஒரு வேளைக்கு ஓர் ஆள் வைக்க முடியுமா? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் வீடு தேடி வருகிறார்கள். நல்ல திட்டம். வீடு வீடாக நடக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். கே.இ.எம். செவிலியர்களிடமிருந்து இதுவரை, அந்த வேலைக்குப் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். அந்த அறையில் செவிலியர்கள் அழுதார்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதிகளை எளிதாக்கியது. முன்னுரிமை விருப்ப ஆவணத்தில் இனி மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டாம், நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ போதும். அதன் ஒரு பிரதியைப் பாதுகாக்க வேண்டிய இடங்களில் உள்ளாட்சி அமைப்பும் ஒன்று. அதாவது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவர் நியமன உறுப்பினராக உட்கார வேண்டும். சாவைப் பற்றிய ஆவணமும், வாழ்வைப் பற்றிப் பேச வரும் உறுப்பினரும் ஒரே கட்டிடத்துக்குள் வரப்போகிறார்கள். சங்கராபுரம் வட்டத்தில் நான் இதற்காகவே போய்ப் பார்த்த மூன்று ஊராட்சி அலுவலகங்களில் இரண்டுக்கு வாசலில் நான்கு படிகள். மூன்றாவதற்குச் சாய்தளம் உண்டு. அதன் மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள்.